கொடிப் பூக்களைப் பார்க்க மாதத்தைவிட மணி முக்கியம்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. மே மாதம் அம்மாவை உதகமண்டலம் மலர்க் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றீர்கள். தொட்டிப் பூக்களெல்லாம் கைபேசியில் நன்றாக விழுந்தன. அம்மா ஆசையாக நின்று பார்த்த கொடிகள் மட்டும் படத்தில் இலைக் குவியலாகவும், நீலப் பூ ஊதாவாகவும் வந்தன. கொடிப் பூக்களைப் பார்க்க எந்த மாதத்தில் எங்கே போக வேண்டும், அதற்கென்று ஒரு கேமரா வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஊதாச் சரங்கள் கூரை போலத் தொங்கும் ஒரு பந்தலின் படத்தை இணைத்து, ‘இது நம் ஊரில் எங்கே இருக்கிறது?’ என்றும் ஒரு கேள்வி. மாதம், ஊர், கேமரா என்று மூன்றாகக் கேட்டிருந்தாலும், கண்ணுக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்தது படத்தில் ஏன் வரவில்லை என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று எனக்குப் படுகிறது. கைபேசியின் மேல் பெரிய குற்றம் இல்லை. கொடிப் பூக்களுக்கு மாதக் கணக்கோடு மணிக் கணக்கும் உண்டு. அந்த மணியைத் தவறவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவாலும் ஒன்றும் செய்ய முடியாது.

நான் தாவரவியல் படித்துவிட்டுக் கல்லூரியில் அதையே சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இருபது ஆண்டுகளாகப் பூக்களைப் படமெடுத்து வருகிறேன். திருச்சியில் இருப்பதால் சமவெளிக் கொடிகளை நாள்தோறும் பார்க்கிறேன். மலைத் தோட்டங்களுக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான் போகிறேன். ஆகவே சமவெளியைப் பற்றி நான் சொல்வதை உறுதியாகவும், மலையைப் பற்றிச் சொல்வதைப் பயணியின் குறிப்பாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். படத் தொழில் என் பிழைப்பு அல்ல. திருமணப் படமோ விளம்பரப் படமோ எடுக்கிறவர்களுக்குத் தெரிந்த விளக்கு வித்தைகள் எனக்குத் தெரியாது.

முதலில் அந்த ஊதாப் பந்தலை முடித்துவிடுவோம். அது விஸ்டீரியா என்னும் கொடி. பயறு, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அது நன்றாகப் பூப்பதற்குக் கடுங்குளிர்காலம் ஒன்று கழிந்தாக வேண்டும் என்பதால் நம் சமவெளியில் நட்டுப் பயனில்லை. இணையத்தில் சுற்றும் இத்தகைய படங்களில் பல, ஜப்பானின் டொச்சிகி மாகாணத்தில் உள்ள அஷிகாகா மலர்ப் பூங்காவில் எடுக்கப்பட்டவை. அங்குள்ள பெரிய கொடிக்கு 150 வயதுக்கு மேல் ஆகிறது. ஒரே கொடி ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் பந்தலை மூடி நிற்கிறது. வேறோர் இடத்தில் வளர்ந்த அந்த முதிய கொடியை 1996-இல், ட்சுகாமோட்டோ கொனாமி என்னும் மர மருத்துவரின் மேற்பார்வையில் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டார்கள். ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுப்பகுதி வரை அது பூக்கும்.

அம்மாவை ஜப்பானுக்கு அழைத்துப் போக வழியிருந்தால் போய் வாருங்கள். இல்லாவிட்டால், ஏறக்குறைய அதே சாயலை நம் ஊரிலேயே தரக்கூடிய கொடிகள் இரண்டு உண்டு. ஒன்று பெட்ரியா, மாசி, பங்குனி வாக்கில் கொடி முழுவதும் ஊதாச் சரமாகிவிடும். அதன் இலையைத் தடவினால் உப்புத்தாளைத் தொட்டதுபோல் சொரசொரப்பாக இருக்கும். சரத்தை அருகில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பூவிலும் இரண்டு அடுக்கு தெரியும்: நடுவே அடர்ந்த ஊதாவில் சிறிய அல்லி வட்டம், அதைச் சுற்றி வெளிறிய ஊதாவில் ஐந்து நீண்ட புறவிதழ்கள். நடுவில் உள்ளது சில நாட்களில் உதிர்ந்துவிடும். புறவிதழ்கள் மட்டும் வாரக்கணக்கில் நிற்கும். பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வெறும் புறவிதழ்களைத்தான் பூ என்று படமெடுத்துக்கொண்டு வருகிறார்கள். கொத்தின் நுனியில் மொட்டும் நடுவில் இரட்டை வண்ணமும் இருக்கும் நாட்களில் போனால்தான் முழுப் பூவும் கிடைக்கும். மற்றது, இலையைக் கசக்கினால் பூண்டு வாசம் வீசும் கொடி. நர்சரிகளில் கார்லிக் வைன் என்றே கேட்டு வாங்கலாம். புதிதாக விரிந்தது அடர் ஊதா, இரண்டொரு நாளானது இளம் ஊதா, அதற்கும் மூத்தது ஏறக்குறைய வெள்ளை என்று மூன்று நிறமும் ஒரே கொடியில் இருக்கும். மழைக்காலத்தை ஒட்டி மதில் முழுவதும் வழிந்து பூக்கும்.

இப்போது மாதக் கணக்கு. மலர்க் கண்காட்சிகளில் கொடிகள் சிறக்காததற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. கண்காட்சிக்கான தொட்டிப் பூக்களை மாதக்கணக்கில் முன்பே விதைத்து, அந்த ஒரு வாரத்தில் விரியும்படி வளர்த்துக் கொண்டுவந்து அடுக்குகிறார்கள். கொடியை அப்படித் தூக்கிவந்து அடுக்க முடியாது. அது தன் பந்தலில், தன் பருவத்தில்தான் பூக்கும். ஆகவே கண்காட்சித் தேதியை நம்பிப் போகிறவருக்குச் சால்வியாவும் மேரிகோல்டும் நிச்சயம். கொடி அமைந்தால் உண்டு. சமவெளியில், தை முதல் சித்திரை வரை வறண்ட வெயிலில் காகிதப்பூவுக்கு உச்சம். தண்ணீர் குறையக் குறைய அது அதிகம் பூக்கும். பங்குனி முதல் ஆனி வரை மல்லிகை. கோடை மழை விழுந்ததும் ரங்கூன் மல்லி. ஐப்பசி, கார்த்திகையில் செங்காந்தள். சங்குப்பூவும் கொடி ரோஜாவும் ஈரம் கிடைத்தால் ஆண்டின் பெரும்பகுதியில் பூக்கக்கூடியவை. மாதம் வரை இதை உறுதியாகச் சொல்லலாம். எந்த வாரம் என்பதை மழைதான் முடிவு செய்யும். ‘சரியாக எந்தத் தேதியில் வரட்டும்?’ என்று கேட்பவர்களிடம், அந்த ஊரில் இருக்கும் யாராவது ஒருவரைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள் என்றுதான் நான் சொல்வது.

மணிக் கணக்கு இதைவிடக் கறாரானது. பரங்கிப் பூவும் பாகற்பூவும் விடியலில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் வாடத் தொடங்கிவிடும். ஊசி போன்ற இலைகளுக்கு நடுவே சிவந்த நட்சத்திரங்களாகப் பூக்கும் மயில்மாணிக்கமும் காலைப் பூதான். பீர்க்கம்பூ இதற்கு நேர்மாறு. மாலை ஐந்து மணிக்கு மேல்தான் பந்தல் மஞ்சளாகும். சுரைப்பூ அந்திக்குப் பிறகு வெள்ளையாக விரியும். எல்லாவற்றிலும் அழகானது என்று நான் நினைப்பது, யாரும் பூவாகவே மதிக்காத புடலம்பூ. பகலில் அது பச்சை மொட்டு. இருட்டிய பிறகு ஐந்து வெள்ளை இதழ்கள் விரியும். ஒவ்வோர் இதழின் ஓரமும் நூல் நூலாகப் பிரிந்து, சுருட்டி வைத்த பட்டுக் குஞ்சத்தை யாரோ மெல்ல உதறியதுபோல் அவிழும். மறுநாள் வெயில் வருவதற்குள் அந்த நூல்கள் எல்லாம் துவண்டுவிடும். வீட்டில் புடலைப் பந்தல் போட்டிருக்கும் பலர் இதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மணி தெரியாமல் போய் நானே அசடு வழிந்திருக்கிறேன். படமெடுக்கத் தொடங்கிய புதிதில், வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கும் மல்லிகைத் தோட்டத்தைப் படமெடுக்க வேண்டும் என்று மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போனேன். போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. கண்ணுக்கு எட்டிய வரை பச்சை; ஒரு பூ இல்லை. வரப்பில் உட்கார்ந்து மடியை உதறிக்கொண்டிருந்த அம்மாவிடம், “பூ எங்கேம்மா?” என்று கேட்டேன். “பூத்துட்டா யாரு சார் வாங்குவா?” என்று சிரித்தார். மல்லிகையை விடியலுக்கு முன்பிருந்தே மொட்டாகப் பறித்துவிடுகிறார்கள். சந்தைக்குப் போய், தொடுத்து, விற்று, ஒருவர் கூந்தலுக்கு ஏறிய பிறகு அன்று மாலைதான் அது விரியும். தாவரவியல் சொல்லிக்கொடுப்பவனுக்கு மல்லிகை மாலையில் விரியும் என்பது தெரியும். அது தோட்டத்தில் விரிவதில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. விரிந்த மல்லிகையைப் படமெடுக்க வேண்டுமென்றால் பறிக்காமல் விட்ட வீட்டுச் செடிதான் நல்ல இடம். தோட்டத்துக்குப் போவதானால் இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கும் விரல்களைப் படமெடுக்கலாம். அதுவும் அவர்கள் சம்மதித்தால், வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல்.

மணி ஒன்றே இவ்வளவு மாற்றம் செய்வதற்குக் காரணம் பூவின் விருந்தாளிகள். ரங்கூன் மல்லியைப் பாருங்கள். அந்தி சாயும்போது விரியும் பூ வெள்ளை. நீண்ட குழாயின் அடியில் தேன், நல்ல வாசம், ஏறக்குறையப் படுக்கைவாட்டில் நீட்டிய முகம். இரவில் நீண்ட உறிஞ்சுகுழலோடு வரும் அந்துப்பூச்சிகளுக்கு இருட்டில் தெரிவது வெள்ளையும் வாசமும்தான். மறுநாள் அதே பூ இளஞ்சிவப்பாகித் தலை குனியும். அதற்கடுத்த நாள் சிவப்பாகித் தொங்கும். அப்போது வருபவை தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும். ஆகவே கொத்தில் தெரியும் மூன்று நிறங்களும் மூன்று நாள் வயது வேறுபாடு. காலையில் போனால் மூன்று நிறமும் கிடைக்கும். அந்தியில் போனால் வெள்ளையின் விரிவும் வாசமும் கிடைக்கும். அம்மாவோடு போவதானால் அந்திதான் என் தேர்வு. வாசத்தைப் படமெடுக்க முடியாது. அதை அனுபவிக்க வந்தவர் பக்கத்தில் நிற்கிறார் அல்லவா.

செங்காந்தளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் மாநில மலரே ஒரு கொடி என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. மழை விழுந்ததும் மண்ணுக்குள் கலப்பை வடிவில் கிடக்கும் கிழங்கிலிருந்து முளைத்து, வேலியைப் பற்றி ஏறும். பற்றுவதற்குத் தனிக் கம்பி எதுவும் அதற்கு இல்லை. இலையின் நுனியே நீண்டு, கொக்கி போலச் சுருண்டு, எதிர்ப்பட்ட குச்சியைப் பிடித்துக்கொள்ளும். மொட்டு தலைகீழாகத் தொங்கும். இதழ்கள் முதலில் பச்சை. பிறகு அலையலையான ஓரத்தோடு மேல்நோக்கி மடிந்து, அடி மஞ்சளும் நுனி சிவப்புமாகி, நாட்கள் செல்லச் செல்ல முழுச் சிவப்பாகும். ஆறு மகரந்தத் தண்டுகளும் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலப் பக்கவாட்டில் விரிந்து நிற்கும். சூலகத்திலிருந்து கிளம்பும் தண்டோ, அடியிலேயே செங்கோணமாக முறிந்ததுபோல் ஒரு பக்கமாக விலகிப் போகும். மேலிருந்து எடுத்த படத்தில் இது எதுவும் தெரியாது. வெறும் சிவப்புத் தீக்கொழுந்துதான் தெரியும். முழங்காலிட்டு, பூவின் உயரத்துக்குக் கீழே இறங்கி, அந்த வளைந்த தண்டு பக்கவாட்டில் தெரியும்படி நின்று எடுங்கள். அப்போதுதான் பூவின் கட்டுமானம் படத்தில் வரும்.

செங்காந்தளைக் கூட்டமாகப் பார்க்க விரும்பினால், ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரத்தில் விதைக்காக வயலாகவே பயிரிடுகிறார்கள்; கிளுவையும் கம்பியும் கொழுகொம்பாக இருக்கும். ஆனால் அங்கே விவசாயிகள் காலை நேரத்தில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். நாம் ஒரு பூவைத் திருப்பிப் பார்க்கப் போய், தண்டு ஒடிந்தால் ஒரு காய் போயிற்று. கேட்டு, வரப்பில் நின்று எடுப்பதுதான் முறை. இன்னொன்று: அந்தச் செடியின் எல்லாப் பாகங்களிலும் கோல்சிசின் என்னும் நஞ்சு உண்டு, கிழங்கிலும் விதையிலும் மிகுதி. தொட்டால் கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்; குழந்தைகள் கூட இருந்தால் பறித்துக் கொடுக்கவே கூடாது.

மலைத் தோட்டங்களுக்கு வருவோம். உதகை அரசுத் தாவரவியல் பூங்கா 1848-இல் தொடங்கி வில்லியம் கிரஹாம் மெக்கைவர் உருவாக்கியது; குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874-ஐச் சேர்ந்தது; கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா 1908-இல் உருவானது. மூன்றிலும் மே மாதக் கூட்டத்தில் கொடிப் பந்தலுக்கு அடியில் நின்று நிதானமாகப் படமெடுப்பது நடக்காத காரியம். செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாவது சீசனில் ஒரு வார நாளில் போங்கள். மழைக்குத் துணிந்தால் போதும். 100-ஆவது மலர்க் கண்காட்சியின் நினைவாக 1995-இல் அமைத்த உதகை ரோஜாப் பூங்காவில், வளைவுகளில் ஏறிப் படரும் ரோஜா வகைகளும் உண்டு. மலையில் நான் தேடிப் போவது துன்பெர்ஜியா மைசோரென்சிஸ் என்னும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தக் கொடி. பந்தலிலிருந்து கயிறு கயிறாகச் சரங்கள் தொங்கும். ஒவ்வொன்றிலும் மஞ்சள் வாயும் செம்பழுப்பு உதடுமாகப் பூக்கள் வரிசையாக இருக்கும். தேன்சிட்டுகளுக்கென்றே அமைந்த பூ அது. பத்து நிமிடம் அசையாமல் நின்றால் ஒரு சிட்டாவது சரத்தில் வந்து தொற்றும். மலைவீடுகளின் வேலியில் படரும் தாட்பூட் கொடியையும் விட்டுவிடாதீர்கள். பழத்துக்காக அதைத் தெரிந்தவர்கள் பூவைப் பார்ப்பதில்லை: வெளியே வட்டமாக நூறு நூலிழைகள், உள்ளே ஐந்து மகரந்தப் பைகள், அதற்கும் மேலே மூன்று சூல்முடிகள். கௌரவர், பாண்டவர், மும்மூர்த்தி என்று எண்ணிக் காட்டி வடக்கே அதைக் கிருஷ்ண கமலம் என்பார்கள். உங்கள் அம்மாவுக்கு அந்தக் கணக்கு பிடிக்கும்.

மலைக்கு அலைய வேண்டாம் என்றால், சென்னையில் 2010-இல் திறந்த செம்மொழிப் பூங்கா, ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, பெங்களூரில் குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டிக் கண்காட்சி நடக்கும் லால்பாக் ஆகியவை எளிதில் போய்வரக் கூடியவை. வண்ணத்துப்பூச்சிகளுக்காக வளர்க்கும் ஈசுவரமூலிக் கொடி எங்காவது பூத்திருந்தால் குனிந்து பாருங்கள். வளைந்த குழாய் போன்ற அந்தப் பூ, உள்ளே நுழைந்த சிறு ஈயைக் கீழ்நோக்கிய மயிர்களால் வெளியே விடாமல் பிடித்துவைத்து, மகரந்தம் ஒட்டிய பிறகு மயிர்கள் வாடி வழிவிடும். நுழைவுக் கட்டணம், கேமராக் கட்டணம், முக்காலிக்கு அனுமதி ஆகியவை அவ்வப்போது மாறுவதால் நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முக்காலியோடு ஐந்து மணி நேரம் பயணம் செய்து போய், வாசலிலேயே அதை ஒப்படைத்துவிட்டு நான் உள்ளே போயிருக்கிறேன்.

இனி, படம் ஏன் இலைக் குவியலாகிறது என்பதைப் பார்ப்போம். நம் இரண்டு கண்களும் ஆழத்தை உணர்கின்றன. முன்னால் நிற்கும் பூவையும் பின்னால் உள்ள இலையையும் மூளை பிரித்துக்கொள்கிறது. படத்தில் எல்லாம் ஒரே தளத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது. தொட்டிச் செடிக்குப் பின்னால் வெற்றிடம் உண்டு. கொடிக்குப் பின்னாலும் கொடிதான். ஆகவே வெற்றிடத்தை நாம்தான் தேட வேண்டும். பந்தலின் நடுவை விட்டு ஓரத்துக்கு வாருங்கள். கூட்டத்திலிருந்து விலகி, காற்றில் கையை நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை நுனியைப் பிடியுங்கள். அதற்குப் பின்னால் நிழல் விழுந்த சுவரோ மரத்தடியோ தூரத்தில் இருக்கும்படி நீங்கள் நகருங்கள். கைபேசியின் அகன்ற லென்ஸோடு பூவுக்குள் முகத்தை நுழைக்காமல், இரண்டு மூன்று அடி பின்வாங்கி இரண்டு அல்லது மூன்று மடங்கு லென்ஸில் எடுத்தால் பின்னணி குறுகும்; குப்பை பாதி போய்விடும். பின்னணியைச் செயற்கையாக மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதியைக் கொடிகளுக்குப் பயன்படுத்த வேண்டாம். மெல்லிய பற்றுக்கம்பிகளை அது பின்னணி என்று நினைத்து அழித்துவிடும்.

பற்றுக்கம்பி அழிந்தால் கொடியின் கதையே அழிந்த மாதிரி. கொடி எப்படி ஏறுகிறது என்பதும் படத்தில் இருந்தால்தான் அது கொடியின் படம். தண்டால் சுற்றி ஏறுவது அவரை, சங்குப்பூ. கம்பியால் பற்றுவது பாகல், தாட்பூட். முள்ளை மாட்டித் தொற்றுவது காகிதப்பூ. வேரால் ஒட்டிக்கொள்வது மிளகு. பாகற்கொடியின் கம்பி ஒன்றை அருகில் பாருங்கள். குச்சியைப் பிடித்த பிறகு அது சுருள்வில்லாகச் சுருளும். ஆனால் பாதி தூரம் ஒரு பக்கமாகச் சுருண்டு, நடுவில் சிறிது நேராக நின்று, மீதிப் பாதி எதிர்ப்பக்கமாகச் சுருண்டிருக்கும். இரு முனையும் கட்டுண்ட பிறகு, முறுக்கேறாமல் சுருள்வதற்கு அதுதான் வழி. சுற்றி ஏறும் கொடிகளில் பத்துக்கு ஒன்பது, நம்மை நோக்கிய பக்கத்தில் இடக் கீழிருந்து வல மேலாக ஏறும் என்பது உலகின் பல பகுதிகளில் எண்ணிப் பார்த்து உறுதிசெய்யப்பட்டது. நிலநடுக்கோட்டைத் தாண்டினால் திசை மாறும் என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியல்ல. ஏன் இந்தத் திசை என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்னும் இல்லை. வள்ளிக்கிழங்குக் குடும்பம் போன்ற சிலவற்றில் இனத்துக்கு இனம் திசை மாறும். இனங்காண அதுவே ஓர் அடையாளம்.

நிறத்தைப் பற்றிய உங்கள் குறை நியாயமானது. சங்குப்பூவின் நீலம் ஊதாவாக வருவதற்கு இரண்டு காரணங்கள். நிழலில் கைபேசி தானாகச் செய்யும் வெண்மைச் சமன்பாடு (ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது), நீலம் அதிகம் என்று நினைத்துச் செம்மையைக் கூட்டிவிடுகிறது, இது உறுதி. சில நீலப் பூக்கள் நம் கண்ணுக்குத் தெரியாத எல்லையிலுள்ள அடர்சிவப்பையும் அகச்சிவப்பையும் வலுவாகப் பிரதிபலிப்பதால், பிலிம் காலத்திலேயே அவை இளஞ்சிவப்பாகப் பதிந்தன. இன்றைய கருவிகளில் அதைத் தடுக்கும் வடிகட்டி இருந்தாலும் முழுமையாகத் தடுப்பதில்லை. எந்தக் கைபேசியில் எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். வெண்மைச் சமன்பாட்டைக் கையால் ‘பகல் ஒளி’ என்று வைத்துவிட்டு, பூவின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், வீட்டில் வந்து திருத்த அளவுகோல் கிடைக்கும். சிவப்புக்கு வேறு சிக்கல்: செங்காந்தளும் காகிதப்பூவும் வெயிலில் வெறும் வண்ணப் பூச்சாக வந்து, இதழின் நரம்பு மறைந்துவிடும். திரையில் பூவை அழுத்திப் பிடித்து, தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்து ஒளியைக் குறைத்துவிடுங்கள். பச்சை இலைகளுக்கு நடுவே உள்ள வெள்ளைப் பூவுக்கும் இதே வைத்தியம். வெள்ளைப் பூவே படம் முழுவதும் நிறைந்திருந்தால் மட்டும் சற்றுக் கூட்ட வேண்டும்; இல்லையென்றால் அது சாம்பலாகும்.

கேமரா வாங்கலாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். ஒரு கறுப்புக் குடை வாங்குங்கள். வெயிலில் பூவுக்கு நிழல் தரும், பின்னால் பிடித்தால் கரும்பின்னணி, காற்றடித்தால் தடுப்பு, அம்மாவுக்கும் உதவும். தொங்கும் சரங்கள் லேசான காற்றிலும் ஆடும். விடியற்காலையில் பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும் என்பது அந்த நேரத்துக்கு இன்னொரு காரணம். பல படங்களைத் தொடர்ச்சியாக எடுத்து, ஆட்டத்தின் முனையில் சரம் ஒரு கணம் நிற்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் தெளித்துப் பனித்துளி செய்வது, கொடியை இழுத்துக் கட்டுவது, குறுக்கே நிற்கும் இலையைக் கிள்ளுவது ஆகியவற்றை நான் செய்வதில்லை. இலையை விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொள்ள அம்மா இருக்கிறார்.

வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ புடலைப் பந்தல் இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். இரவு எட்டு மணிவாக்கில் நுனி வெளுத்த ஒரு மொட்டைத் தேர்ந்தெடுத்து, ஒரு கைபேசியின் விளக்கை வெள்ளைத் துணியால் மூடிப் பக்கவாட்டில் அம்மா பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் மற்றொன்றை ஏதாவது ஒரு கழியில் சாய்த்து வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுங்கள். கொசுவத்தியைத் தள்ளியே வையுங்கள். புகை படத்தில் விழும், அந்துப்பூச்சியும் வராது.